பின்வாசலில் கேட்ட பெயர்

"இங்கன இஸ்ரவேல்னு ஒருத்தர் சமையல் பாக்காவளாமே ஐயா, அவுகளக் கொஞ்சம் கூப்பிடுதியளா?"

கிளப்பின் பின்வாசலில், விறகு இறக்கிப் போடும் இடத்தில் நின்று அந்தப் பெண் கேட்டபோது வைத்தியநாதையர் வாழை இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் புடவை, முழங்கைக்குக் கீழ்வரை இறங்கிய ரவிக்கை, வெறும் நெற்றி. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து வந்திருக்க வேண்டும். புடவைக் கரை முழுக்கச் செம்மண் தூசி. பரிதாபி வருஷத்து ஆடி மாதம் அது. குற்றாலத்தில் சாரல் என்றால் திருநெல்வேலி ரயிலடியில் காற்றும் புழுதியும்தான்.

"இது பிராமணாள் காப்பி கிளப்பும்மா. இஸ்ரவேலாவது, சமையலாவது? துரைமார் தங்கற பங்களா தண்டவாளத்துக்கு அந்தண்டை இருக்கு. பட்லர்மாரெல்லாம் அங்கேதான். அங்கே போய்க் கேளு."

"அங்க கேட்டுட்டுத்தான் வாரேன் ஐயா." அவள் நகரவில்லை. "பத்தமடைப் பாய் யாவாரி முகம்மது மைதீன் அண்ணாச்சி போன மாசம் இங்கன பாய் கொண்டாந்து போட்டாவளாம். உள்ள சேவை பிழிஞ்சிட்டு இருந்தது உங்க அண்ணந்தான், எனக்குச் சந்தேகமே இல்லன்னு சொன்னாவ. பாதிரியார் வீட்டுல அண்ணன் இருந்த காலத்துலயே அவுகளுக்குப் பழக்கம். தப்பாச் சொல்ல மாட்டாவ."

பாய் வியாபாரி வந்தது உண்மைதான். பந்தியில் விரிக்க இரண்டு டஜன் கோரைப் பாய் வாங்கியிருந்தார். வைத்தியநாதையருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சேவை பிழிகிறவன் பட்டாபி. அவனை யாரோ இஸ்ரவேல் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் பாலம் தாண்டி வந்து நிற்கிறாள். பட்டாபி சிந்துபூந்துறையில் குளித்துவிட்டு வந்ததும் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"இடது மணிக்கட்டுல எண்ணெ தெறிச்ச தழும்பு இருக்கும் ஐயா, வெத்தில அளவுக்கு" என்றாள் அவள். "அந்தக் கையிலேயே சுண்டுவிரல் மடங்காது. சின்னதுல நாவல் மரத்துலேருந்து விழுந்து ஒடிஞ்சது. கரண்டி பிடிச்சா அது மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும்."

வைத்தியநாதையரின் கையிலிருந்த ஈரத்துணி இலைமேல் அப்படியே நின்றுவிட்டது.

கொல்லம் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் அவர் இந்தக் கிளப்பைத் திறந்தார். சீவலப்பேரியில் இருந்த கொஞ்சம் நன்செயும் கைவிட்டுப் போன பிறகு, பரிமாறிப் பிழைக்கிறானே என்று பங்காளிகள் முகம் சுளிக்கச் சுளிக்கத் திறந்தது. முதல் மூன்று மாதத்தில் இரண்டு சமையல்காரர்கள் ஓடிப்போனார்கள். மூன்றாவதாக வந்தவன் பட்டாபிராமன். பாலக்காட்டுப் பக்கம் என்றான், கௌண்டின்ய கோத்திரம் என்றான், மதுரையில் ஒரு கிளப்பில் இருந்ததாகச் சொன்னான். அன்றைக்கு அவன் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தியநாதையர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சமைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். வருகிறவனைத் தெரிந்துகொள்ளத் தெரிந்தவன் பட்டாபி ஒருவன்தான். வண்டி வந்து நின்றதும் தோளில் துண்டோடு வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் நிற்பான். இறங்கி வருகிறவர்களின் நடையைப் பார்த்தே உள்ளே வந்து இன்னாருக்கு இன்னது என்று சொல்லிவிடுவான். குற்றாலத்தில் அருவியில் நின்றுவிட்டு வருகிறவனுக்குச் சோறு கொதிக்கக் கொதிக்க வேண்டும், இரண்டு மடங்கு வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு வயிறு கனக்கக் கூடாது. அவனுக்கு மோர் சாதமும் நார்த்தங்காயும். சாவுக்குப் போகிறவன் வேண்டாம் என்றுதான் சொல்வான். அவனிடம் கேட்கக் கூடாது, கேட்காமல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பந்தியில் "போதுமா" என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தான். "போதுமான்னா எழுந்திருன்னு அர்த்தம் அண்ணா. இன்னும் கொஞ்சம்னு கேக்கணும். வேண்டாங்கறது அவா பாடு" என்பான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் சாஸ்திரிகள் ஒருவர், கிளப்பில் கை நனைப்பதே பாவம் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தவர், மூன்று வருஷமாக இங்கே மட்டும் உட்காருகிறார். "பட்டாபி கைன்னா ஆத்துச் சாப்பாடு மாதிரி" என்பது அவர் வாக்கு.

இடது மணிக்கட்டில் வெற்றிலை அளவுக்குத் தழும்பு. மடங்காத சுண்டுவிரல்.

வைத்தியநாதையருக்குக் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. வெயில் திடீரென்று வெளுத்துப்போன மாதிரி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏதேதோ நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு ஆவணி அவிட்டத்துக்கும் பட்டாபி கொல்லத்தில் மாமா வீடு என்று போய்விடுவான். விடிவதற்கு முன்பே தனியாகக் குளித்துவிட்டு வருவான். அவன் ஜபம் செய்து யாரும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் மார்கழி பத்தாம் தேதி வாக்கில் காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு தித்திப்பு பண்ணி வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பான். அது எந்த நாள் என்று இந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. கிறிஸ்து பிறந்த நாளுக்குப் பாளையங்கோட்டை வேதக்கோயில் மணி ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம்வரை கேட்கிற நாள்.

போன தை மாதம் அப்பாவின் திதி. மனைவி காமாக்ஷிக்குக் காய்ச்சல் என்று பட்டாபிதான் வீட்டுக்கு வந்து சமைத்தான். அவன் வடித்த சோற்றைத்தான் பிண்டமாக உருட்டி அவர் அப்பாவுக்கு வைத்தார்.

அவர் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, என்ன செய்யுது?" அந்தப் பெண் ஓரெட்டு முன்னால் வந்து, வாசற்படியைப் பார்த்துத் தானே நின்றுகொண்டாள். "தண்ணி கொண்டாரச் சொல்லட்டா? எம் பேரு ஹெப்சிபா. நான் அவருக்கு நேர் எளையவ. சேவை பிழிஞ்சாவன்னு சொன்னாவ. ஆனா பிராமணாள் கிளப்புன்னா, அண்ணன் வெளிவேலதான் பாக்காவளா? வெறகு ஒடைக்க, தண்ணி எடுக்க?"

அண்ணன் இங்கே ஐயராக இருப்பது அவளுக்குத் தெரியாது. பாய் வியாபாரி அதை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குப் புரிந்தபோது இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சந்தின் முனையில் பட்டாபி திரும்பினான். ஈர வேஷ்டி, மார்பில் பூணூல், நெற்றியில் பட்டையாக விபூதி, தோளில் நிறைகுடம். சமையலுக்கு முந்தின இரண்டாம் குளியல். வேகமாக வந்தவன் பத்தடி தூரத்தில் அவளைப் பார்த்தான். நடை நிற்கவில்லை. குடத்துத் தண்ணீர் மட்டும் ஒருதரம் தளும்பி அவன் தோளில் வழிந்தது.

ஹெப்சிபா முதலில் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது. கூப்பிட வந்த பெயர் பாதியில் நின்றது. அவள் கண் கீழே இறங்கி அந்த நூலில் நின்றது. பிறகு நெற்றிக்கு ஏறியது. அடிபட்டவள்போல ஒரு கையால் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷமாகச் செத்துப்போனானோ, கப்பலேறிப் போனானோ என்று தேடின அண்ணன். ஒரு நாழிகை நடையில், ஆற்றுக்கு இந்தக் கரையில், வேறொருவனாக நிற்கிறான்.

"யாரு அண்ணா இவா?" என்று கேட்டான் பட்டாபி. "என்ன வேணுமாம்?"

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வைத்தியநாதையருக்கு அதுதான் தாங்கவில்லை. எட்டு வருஷம் பழகிய அதே குரல், பந்தியில் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற அதே குரல்.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹெப்சிபா பேசினாள். "தப்பா வந்துட்டேன் ஐயா. இவுக இல்ல." அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "தழும்பு என்னவோ இருக்கு. ஆனா ஆளு இவுக இல்ல. எங்கண்ணன் இன்னும் ஒசரம்."

முற்றத்தில் உலர்த்தியிருந்த வேஷ்டி காற்றில் படபடத்தது.

"அம்மைக்கு வாதம் வந்து கெடையில கெடக்கா" என்றாள் அவள், இப்போது பட்டாபியைப் பார்த்து. யாரோ முன்பின் தெரியாதவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "கண்ணும் போயிட்டு. மவன் பேரச் சொல்லிச் சொல்லியே கெடக்கா. வைத்தியர் இனி நாளக் கணக்குத்தான்னு சொல்லிட்டாவ. எங்கனயாச்சும் அவுகளப் பாத்தியள்னா சொல்லுங்க. முருகன்குறிச்சில அதே வீட்லதான் இருக்கோம்."

"சொல்றேன்" என்றான் பட்டாபி.

அவள் போய்விட்டாள். சந்து திரும்பும்வரை மெல்லத்தான் நடந்தாள். திரும்பின பிறகு ஓடுகிற காலடி கேட்டது.

பட்டாபி குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தான். அடுப்பைத் தூண்டினான். புளி கரைக்கிற சத்தம் கேட்டது. வைத்தியநாதையர் விறகுக் கட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்க் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை. அவள் பொய் சொல்லிவிட்டுப் போனது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பட்டாபிக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே கடுகு வெடித்தது, கறிவேப்பிலை பொரிந்தது, என்றைக்கும்போலப் பெருங்காய வாசனை சந்துவரை வந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. அதை உணர்ந்தபோது அவருக்குத் தன் உடம்பின்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினோரு மணி வண்டி வந்தது. இருபது இருபத்தைந்து பேர் இறங்கி வந்தார்கள். முதல் ஆளாகக் கல்லிடைக்குறிச்சி சாஸ்திரிகள். "வைத்தி, பட்டாபி இருக்கான் இல்லையோ?" என்று வாசலிலேயே கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான்.

"இருக்கான்" என்றது வைத்தியநாதையரின் வாய்.

இலை போட்டாயிற்று. சாஸ்திரிகள் உட்கார்ந்து உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டு இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். இப்போது சொன்னால் உண்டு, அப்புறம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வைத்தியநாதையர் இரண்டு எட்டு வைத்து அவர் அருகே போனார். சாஸ்திரிகள் நிமிர்ந்து பார்த்தார். "என்னடா, முகம் வெளிறிக் கெடக்கு? உடம்புக்கு என்ன?" ஒரு சொல் போதும். இந்த வரிசை முழுக்க எழுந்து நிற்கும். இலைகள் மிதிபடும். கிளப் இருக்காது. இவன் உயிரோடு ஜங்ஷனைத் தாண்டமாட்டான். எட்டு வருஷமாக இங்கே தின்றவர்கள் எல்லோரும் யாரைப் போய்ப் பிடிப்பார்கள்? இதெல்லாம் ஒழுங்காக யோசித்து வந்ததா, அல்லது வெறும் கோழைத்தனமா என்று பிற்பாடு பல நாள் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அப்போது வந்த பதில் ஒன்றுதான். "ஒண்ணுமில்லை மாமா. வெயில்."

பட்டாபி சாதத்தோடு வந்தான்.

அவன் பரிமாறுவதை அவர் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குனிகிற குனிவு, இலைக்கும் கரண்டிக்கும் நடுவே விடுகிற இடைவெளி, யாருடைய கையும் தன்மேல் படாமல் விலகுகிற விலகல். இதையெல்லாம் இத்தனை நாள் அவர் ஆசாரம் என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் அதில் வேறென்னவோ இருந்தது. பிடிபட்டுவிடக் கூடாதே என்று எட்டு வருஷம் ஒவ்வொரு விரலையும் காவல் காத்தவனின் கவனம். சாம்பார் போயிற்று, கூட்டு போயிற்று, ரசம் போயிற்று. மோர் ஊற்றும்போது சாஸ்திரிகளின் இலைக்கு முன்னால் குனிந்த பட்டாபி, கரண்டியைச் சாய்த்தபடியே கேட்டான்.

"போதுமா?"

சாஸ்திரிகள் ஆச்சரியமாக நிமிர்ந்தார். பிறகு கையை இலைக்குமேல் குறுக்கே நீட்டிவிட்டு, மீதியை வைத்து எழுந்துவிட்டார். பட்டாபி அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தாமதமாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

பந்தி கலைந்து, இலை எடுத்து, மெழுகிக் கோலம்போட வருகிற பிச்சைக்கண்ணுக் கிழவியும் போன பிறகு, அவன் கையைக் கழுவிக்கொண்டு வைத்தியநாதையர் முன்னால் வந்து நின்றான். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்திருந்தது.

"மொதலாளி" என்றான். "எங்கம்மை சாவக் கெடக்கா. நான் போணும்."

அவர் உட்கார்ந்திருந்த முக்காலி தரையில் கிரீச்சிட்டது. விஷயம் தெரிந்திருந்தும், காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தும், அந்தக் குரல் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாபியின் வாயிலிருந்து அவர் அறியாத ஒரு ஆள் பேசினான். அண்ணா என்ற சொல் போய்விட்டது. குரலே ஒரு படி இறங்கி, தடித்து, மண்ணில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"எங்க தகப்பனார் திதிக்குச் சமைச்சியேடா" என்றார் அவர். சத்தமாகச் சொல்ல நினைத்தது காற்றாகத்தான் வந்தது.

அவன் தலை குனிந்து நின்றான். "ஆமா" என்றான். அதற்குமேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சாவியைக் கொண்டுவந்து முக்காலியருகே தரையில் வைத்தான். ராத்திரி வண்டிக்கு மாவு அரைத்து வைத்திருப்பதாகவும், உப்பு இன்னும் போடவில்லை என்றும் சொன்னான். பிறகு வாசல் வழியாகப் போகாமல் பின்வாசல் வழியாகப் போனான்.

அன்று சாயங்காலமே கிளப்பைப் பூட்டி, சமையல்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று வாசலில் எழுதி மாட்டினார். கைலாசபுரத்து வீட்டில் காமாக்ஷியிடம் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஈரத் தலையோடு வந்து நின்றவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது.

"நம்ம பொண்ணு பாகி கல்யாணத்துக்கு நூத்தம்பது பேருக்கு அவன்தான் சமைச்சான்" என்றாள். "சம்மந்திக்குத் தெரிஞ்சா கொழந்தையக் கொண்டுவந்து விட்டுடுவா."

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே. எனக்குத் தெரியுமே." அவள் தரையில் உட்கார்ந்தாள். "எனக்குக் காய்ச்சலா இருந்தப்போ அரிசிக் கஞ்சி வச்சுக் கொடுத்தனுப்புவான். அதுல சுக்கு தட்டிப் போடுவான். எங்கம்மா அப்படித்தான் போடுவா. யாருகிட்ட கத்துண்டேன்னு நான் கேட்டுவிட்டப்போ, ஒரு மாமிகிட்டன்னு சொல்லி அனுப்பினான்." ஈரத் தலைமயிரைப் பிழிந்துகொண்டே, "என்ன பண்ணணும்? காசிக்குப் போகணுமா?" என்றாள்.

அவருக்குத் தெரியவில்லை. யாரைப் போய்க் கேட்பது? கேட்டால் சொல்ல வேண்டும். நான்கு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கவளம் இறங்கவில்லை. இந்த வயிற்றுக்கு எட்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லையே என்ற நினைப்பு ஒவ்வொரு வாய்க்கும் வந்து நின்றது. அருவருத்து, குமட்டி, ஜுரம் வந்து சொல்லியிருக்க வேண்டாமா? ஜீரணித்துவிட்டு இன்னும் கேட்டதே. ஐந்தாம் நாள் காலை காமாக்ஷி வாசலைப் பார்த்தபடி கேட்டாள். "அவன் அம்மா இருக்காளோ, இல்லையோ?"

அவர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

பாலத்தைக் கடக்கும்போது ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அவனிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். எப்படி மனசு வந்தது? ஒருநாளாவது உறுத்தவில்லையா? முருகன்குறிச்சியில் பெயரைச் சொல்லிக் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். ஓலை வேய்ந்த சின்ன வீடு, வெள்ளையடித்த சுவர், வாசலில் ஒரு முருங்கை. பஞ்சகச்சமும் விபூதியுமாக ஒருவர் அங்கே வந்து நிற்பதைத் தெருவே பார்த்தது.

உள்ளேயிருந்து வந்தவன் சட்டை போட்டிருந்தான். அவரால் சட்டென்று அடையாளம் காண முடியவில்லை. எட்டு வருஷத்தில் அவனைச் சட்டையோடு பார்த்ததில்லை. ஐந்து நாள் தாடி. அவரைக் கண்டதும் பின்வாங்கிச் சுவரோடு நின்றான். ஆள் கூட்டி வந்திருக்கிறாரோ என்று அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான்.

"தனியாத்தான் வந்தேன்" என்றார் வைத்தியநாதையர். கேட்க வந்தது எல்லாம் கலைந்து, ஒரே சொல்லாக வந்தது. "ஏன்?"

அவன் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு, இட்டுக்கட்டாமல், மெல்லச் சொன்னான்.

"எங்க பாதிரியார் முன்னால ஐயராயிருந்து கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். அவர் சம்சாரத்துக்கு ஞானஸ்நானத்துல பாக்கியவதின்னு பேரு. அடுப்படில அவுக பழைய பாகீரதிதான். பத்து வயசுலேருந்து நான் அவுகளுக்குக் கை உதவி. பேச்சு, சமையல், பரிமாறுத வெதம் எல்லாம் அவுகட்ட வந்தது. வந்தவன் பசிய மொதப் பாரு, மத்ததப் பொறவு பாருன்னுவாக. ரெண்டு பேரும் காலராவுல ஒரே வாரத்துல போயிட்டாவ. வேல தேடி மதுரைக்குப் போனேன். மூணு நாளாப் பட்டினி. ஒரு கிளப்பு வாசல்ல நின்னு, பாதிரியாரம்மா பேசுத மாதிரி வேல இருக்கான்னு கேட்டேன். நீ ஐயராடான்னு கேட்டாவ." நிறுத்தினான். "நான் பதில் சொல்லல. அவ்வளவுதான் நான் செஞ்சது. அவுகளே உள்ள கூப்பிட்டு எல போட்டாவ."

"அப்பறம்?"

"அப்பறம் வெளிய வர வழி தெரியல."

உள்ளே இருமல் கேட்டது. மெலிந்த குரல் ஒன்று, "ஏலே, யாருலே வந்திருக்கா?" என்றது.

ஹெப்சிபா வாசலுக்கு வந்திருந்தாள். அவள் வைத்தியநாதையரைப் பார்த்து, பிறகு உள்ளே திரும்பி, "அண்ணன் வேல பாத்த எடத்து மொதலாளிம்மா" என்றாள்.

"வெயில்ல வந்திருப்பாகளே. உள்ள கூப்பிடுங்க. ஏதும் சாப்பிடக் குடுத்தியளா?"

ஹெப்சிபா அண்ணனைப் பார்த்தாள். அவன், "அவுக இங்க சாப்பிட மாட்டாவம்மா" என்றான். தாழ்வாகச் சொன்னாலும் அது கிழவிக்குக் கேட்டுவிட்டது.

"ஏன்? எம்மவனுக்கு எட்டு வருசம் சோறு போட்ட மனுசர். நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்பிடாமப் போவாகளா?"

வைத்தியநாதையர் திரும்பிப் போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம் போகாமல் படியேறிக் குனிந்து உள்ளே போனது. கயிற்றுக் கட்டிலில் கிழவி கிடந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய், பால் பூத்த கண்கள். வந்தவர் காலடி எங்கே நின்றதோ அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பி, நல்ல கையை லேசாகத் தூக்கினாள். கும்பிட ஒரு கைதான் எழுந்தது.

ஹெப்சிபா பாய் விரித்தாள். அவர் உட்கார்ந்தார். அடுப்பிலிருந்து வெண்கலக் கும்பாவில் கஞ்சியை ஊற்றி, ஓரத்தில் துவையல் வைத்து, அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் விலகி நின்றாள். கஞ்சி விளிம்புவரை ஆடி நின்றது. நிலைப்படியில் இஸ்ரவேல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான். கஞ்சியின் ஆவி அவர் முகத்தில் பட்டது. கட்டிலில் கிழவி தலையைச் சாய்த்து, பார்க்க முடியாத கண்களை அகல விரித்து, அவர் சாப்பிடுகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.